சிறுநீர் சொல்லும் செய்தி: யானைக்கால் புழுவும் சிறுநீரகமும்



யானைக்கால் வியாதி என்றதும் வீங்கித் தடித்த ஒரு காலின் தோற்றமே நம் மனதில் எழுகிறது. அந்தப் புழு காலில்தான் குடியிருக்கிறது என்று எண்ணுகிறவர்களும் உண்டு. உண்மையில் வளர்ந்த புழு குடியிருப்பது நிணநீர்க் குழாய்களில். அது ஈனும் ஆயிரக்கணக்கான குஞ்சுப் புழுக்கள் இரத்தத்தில் நீந்துகின்றன. சரீரத்தின் இரத்தம் முழுவதும் நாளொன்றுக்குப் பலமுறை சிறுநீரகங்களுக்குள் போய் வருகிறது அல்லவா? ஆகவே கால் வீங்காத, காய்ச்சல் காணாத, தான் வியாதியஸ்தன் என்பதையே அறியாத ஒருவருக்கும் இந்தப் புழுவினால் சிறுநீரகத்தில் கோளாறு தொடங்கியிருக்கலாம். அதை முதலில் காட்டிக் கொடுப்பது, மிகக் குறைந்த செலவில் முடிகிற சிறுநீர்ப் பரிசோதனை.

மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்க வரும் நண்பர்கள் அறுவைச் சிகிச்சை அரங்கையும் எக்ஸ்ரே அறையையும் ஆவலோடு பார்க்கிறார்கள். சிறுநீர் சோதிக்கிற மேசைப் பக்கம் யாரும் நிற்பதில்லை. வாசனை அப்படி! அந்த மேசையில் என்ன நடக்கிறது என்பதை இந்த இதழில் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் சிறுநீரகம் செய்யும் வேலையைப் பார்ப்போம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இவை ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் பெரும்பகுதி மறுபடியும் இரத்தத்துக்கே திரும்பிவிட, ஒன்றிரண்டு லிட்டர் மட்டும் சிறுநீராக வெளியேறுகிறது. வீட்டிலுள்ள காப்பி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். டிகாக்‌ஷன் கீழே இறங்க வேண்டும், தூள் மேலேயே தங்க வேண்டும். தூள் கீழே வந்தால் ஃபில்டரில் எங்கோ துவாரம் பெரிதாகிவிட்டது என்று பொருள். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை அந்தத் தூள் இரண்டு வகை: ஒன்று ஆல்புமின் என்னும் புரதம், மற்றது இரத்தச் சிவப்பணு. இவ்விரண்டும் சிறுநீரில் தென்படுகின்றனவா என்பதே பரிசோதனையின் முதல் கேள்வி.

இந்தப் புழு உலகத்துக்குத் தெரிய வந்ததில் சிறுநீருக்குப் பெரிய பங்கு உண்டு. 1866-இல் பிரேசில் நாட்டின் பாஹியாவில் ஓட்டோ உச்செரர் என்ற மருத்துவர், இரத்தமும் பாலும் கலந்ததுபோல் சிறுநீர் கழித்த நோயாளிகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். எகிப்து நாட்டில் சிறுநீரில் இரத்தம் போகச் செய்யும் வேறொரு புழுவின் முட்டைகளை அவர் தேடினார். முட்டை அகப்படவில்லை. அதற்குப் பதிலாக நூல்போன்ற மெல்லிய, அதுவரை பெயரிடப்படாத குஞ்சுப் புழுக்கள் நெளிந்தன. நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1870-இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் என்ற மருத்துவரும் பால்போன்ற சிறுநீரில் இதே புழுக்களைக் கண்டார். 1872-இல் மனித இரத்தத்திலும் அவற்றைக் கண்டுபிடித்தார். கொசுவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 1877-இல் சீனாவில் பேட்ரிக் மேன்சன் கண்டறிந்தார். அதற்கெல்லாம் முன்பே சிறுநீர் உண்மையைச் சொல்லிவிட்டது. உச்செரரின் பெயராலேயே இப்புழு இன்று உச்செரேரியா என்று அழைக்கப்படுகிறது.

இப்புழுவினால் சிறுநீர் கெடுவது இரண்டு வழிகளில். இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணிவிட்டால் சிகிச்சையே மாறிப்போகும். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறோம்.

சத்தமில்லாத கசிவு

முதலாவது வழியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இரத்தத்திலுள்ள குஞ்சுப் புழுக்களை எதிர்க்கச் சரீரம் எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்குகிறது. இவை புழுவின் கழிவுப் பொருள்களோடு ஒட்டிக்கொண்டு சிறு கட்டிகளாகிச் சிறுநீரக வடிகட்டிகளில் போய்ப் படிகின்றன. படிந்த இடத்தில் அழற்சி ஏற்படுகிறது. மெல்ல மெல்ல வடிகட்டி தளர்ந்து, ஆல்புமினும் சிவப்பணுக்களும் கசியத் தொடங்குகின்றன. சிறுநீரின் நிறம் மாறாது, வலி இராது, எரிச்சலும் இராது. அந்த மனிதர் வழக்கம்போல வயலுக்கும் தறிக்கும் போய்க்கொண்டிருப்பார்.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் டாக்டர் ஜெருசா டிரையரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இரத்தத்தில் குஞ்சுப் புழு இருந்து, வெளியில் வியாதியின் அடையாளம் ஏதுமில்லாதவர்களை அவர்கள் ஆராய்ந்தனர். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோரின் சிறுநீரில் நுண்ணிய அளவில் இரத்தமோ, புரதமோ, இரண்டுமோ காணப்பட்டன. அதுவரை இப்படிப்பட்டவர்களை ‘புழுவைச் சுமப்பவர்கள், ஆனால் சுகமாயிருப்பவர்கள்’ என்றே மருத்துவ உலகம் எண்ணியிருந்தது. புழுவை ஒழிக்கும் மருந்து கொடுத்தபின் இந்தக் கசிவு படிப்படியாக மறைந்தது என்பது இதைவிட நல்ல செய்தி. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சீராகக்கூடிய கோளாறு இது. சிறுநீரகம் பாதிக்குமேல் பழுதாகும்வரை பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. முகம் வீங்கி, மூச்சு வாங்கி மருத்துவமனைக்கு வருகிற நாளில் காலம் கடந்திருக்கும். எல்லாக் கசிவும் அந்த நிலைக்குப் போய்விடும் என்று சொல்ல வரவில்லை, பெரும்பாலும் போவதில்லை. ஆனால் யாருக்குப் போகும் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதே.

பால்போன்ற சிறுநீர்

இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியும், மனதைக் கலங்கவும் வைக்கும். நாம் உண்ணும் உணவிலுள்ள கொழுப்பு, குடலிலிருந்து பால்நிறமான நிணநீராக நிணநீர்க் குழாய்களில் ஏறி இரத்தத்தில் சேருகிறது. புழுக்கள் பல ஆண்டு குடியிருந்ததால் இந்தக் குழாய்கள் விரிந்து, அடைபட்டு, ஒரு நாள் சிறுநீர்ப் பாதைக்குள் உடைந்துவிடுவதுண்டு. அப்போது அந்தப் பால்நிற நீர் சிறுநீரோடு கலந்து வெளியேறுகிறது. கூடவே உணவின் கொழுப்பும் புரதமும் போகின்றன. சில வேளை இரத்தமும் கலந்து இளஞ்சிவப்பாகத் தோன்றும். தயிர்க்கட்டிபோல் உறைந்து சிறுநீர் அடைத்துக்கொள்வதும் உண்டு. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் ஆள் மெலிந்துகொண்டே போகிறார்.

யானைக்கால் புழு உடையவர்களில் சிறு பகுதியினருக்கே இது வருகிறது. வந்தவர்கள் படும் பாடு பெரிது. நம் ஊர்களில் இதை ‘தாது போகிறது’ என்று எண்ணி வெட்கத்தினால் யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் அநேகர். மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி விளம்பரம் செய்கிற வைத்தியர்களிடம் பணத்தைக் கொட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்லும் பத்தியமோ பாலும் நெய்யும் பாதாமும்! கொழுப்பு உள்ளே போகப்போக இந்தச் சிறுநீர் இன்னும் வெள்ளையாகும். பயம் அதிகரிக்கும், செலவும் அதிகரிக்கும். பெண்களானால் வெள்ளைப்படுதல் என்று தாங்களே முடிவுகட்டிக்கொண்டு வருடக்கணக்கில் மௌனமாக இருந்துவிடுகிறார்கள். இது ஒழுக்கத்தைச் சேர்ந்த காரியமல்ல, உடைந்த ஒரு குழாய் மட்டுமே என்று சோதனைக்குழாயைக் கையில் பிடித்துக் காட்டும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

மேசையின்மேல் நடப்பது

பால்போன்ற சிறுநீர் எல்லாம் புழுவினால் வருவதில்லை. உணவிலிருந்து வரும் பாஸ்பேட் உப்பு மிகுந்தாலும் சிறுநீர் வெளுக்கும். சீழ் கலந்தாலும் வெளுக்கும். இவற்றைப் பிரித்தறிய விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை.

சோதனைக்குழாயின் முக்கால் பாகத்துக்குச் சிறுநீரை எடுத்து, அடிப்பாகத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, மேற்பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் சாய்த்துச் சூடாக்குகிறோம். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுப்பதுபோலப் புரதமும் வெளுத்துத் திரளும். கீழ்ப்பாகம் தெளிவாகவும் மேற்பாகம் கலங்கலாகவும் நிற்பதால் வித்தியாசம் உடனே தெரிகிறது. ஆனால் பாஸ்பேட்டும் சூட்டில் கலங்கும். ஆகவே மூன்று நான்கு துளி நீர்த்த அசெட்டிக் அமிலம் விடுகிறோம். கலங்கல் மறைந்தால் அது பாஸ்பேட், பயப்பட ஒன்றுமில்லை. கலங்கல் நிலைத்தால் அது புரதம். எத்தனையோ கிராம மருத்துவமனைகள் பல தலைமுறைகளாக நம்பிவந்த சோதனை இது.

சிறுநீர் ஏற்கெனவே பால்போல் இருந்தால் ஈதர் சோதனை. முன்காலத்தில் அறுவைச் சிகிச்சையில் மயக்கம் கொடுக்கப் பயன்பட்ட அதே ஈதர்தான். சிறுநீருடன் ஈதரைச் சேர்த்து நன்றாகக் குலுக்கினால், வெண்மைக்குக் காரணம் கொழுப்பாயிருக்கும் பட்சத்தில் அது ஈதரில் கரைந்துவிடும். கீழே சிறுநீர் தெளிந்து நிற்கும். சீழானால் தெளியாது. ஈதர் எளிதில் தீப்பற்றக்கூடியதாகையால் அந்த நேரத்தில் ஸ்பிரிட் விளக்கை அணைத்துவிடுவது மிக அவசியம். இன்று வசதியுள்ள ஆய்வுக்கூடங்களில் சிறுநீரிலுள்ள ட்ரைகிளிசரைடு அளவை நேரடியாக அளக்கிறார்கள். சிலருக்குப் பால்நிறம் விட்டுவிட்டு வருவதால், வெண்ணெய் சேர்ந்த உணவைக் கொடுத்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துச் சிறுநீரைச் சேகரிப்பதும் உண்டு.

சத்தமில்லாத கசிவைக் கண்டுபிடிக்க இப்போது பெரும்பாலும் சோதனைப் பட்டைகளைப் பயன்படுத்துகிறோம். விரல் அகலம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் துண்டில் சிறு சிறு சதுரங்கள். சிறுநீரில் நனைத்து ஒரு நிமிடம் பொறுத்தால், புரதம் இருந்தால் மஞ்சள் சதுரம் பச்சையாகும். இரத்தத்துக்குரிய சதுரத்தில் பச்சைப் புள்ளிகள் தோன்றும். புட்டியைத் திறந்து வைத்துவிட்டால் ஈரக்காற்றில் பட்டைகள் கெட்டுப்போகும். மழைக்காலத்தில் இதற்கென்றே ஒருவர் காவல் இருக்க வேண்டியிருக்கிறது.

பட்டையில் இரத்தம் தெரிந்தால் காரியம் நுண்நோக்கிக்குப் போகிறது. சிறுநீரைச் சுழல் இயந்திரத்தில் சுற்றி, அடியில் தங்கும் வண்டலை எடுத்துப் பார்க்கிறோம். சிவப்பணுக்கள் முழு வட்டமாக இருந்தால் அவை கல்லினாலோ சிறுநீர்ப்பையிலிருந்தோ வந்திருக்கலாம். நசுங்கி, உருமாறி, அல்லது குழாய் வடிவில் ஒன்றாய் ஒட்டி இருந்தால் அவை வடிகட்டியின் நுண்ணிய துவாரங்கள் வழியே பிதுங்கி வந்தவை. பால்போன்ற சிறுநீரின் வண்டலில் எப்போதாவது குஞ்சுப் புழுவே தென்படும்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம்? பால்போன்ற சிறுநீரில் புரதம் மிக அதிகமாக இருக்கும். பட்டையை மட்டும் பார்த்தால் சிறுநீரகமே கெட்டுவிட்டது என்று தோன்றும். ஆனால் அங்கே வடிகட்டி பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. புரதம் கலந்தது வடிகட்டிக்குக் கீழே, உடைந்த நிணநீர்க் குழாய் வழியாக. இதை அறியாமல் சிறுநீரக வியாதிக்கான ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தொடங்கினால் தேவையற்ற தீங்கே மிஞ்சும். ஈதரும் ஐந்து நிமிட நேரமும் அந்தத் தவறைத் தடுத்துவிடும்.

பட்டை சொல்லாதது

பட்டையில் புரதம் தெரிந்துவிட்டால் புழுதான் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. நம் நாட்டில் சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்புமே சிறுநீரகத்துக்கு முதன்மையான பகைவர்கள். கடும் காய்ச்சல், அன்றைய கடின உழைப்பு, சிறுநீர்த் தொற்று, பெண்களுக்கு மாதவிலக்கு ஆகியவையும் பட்டையின் நிறத்தை மாற்றும். ஆகவே சில நாட்கள் கழித்து, காலையில் எழுந்தவுடன் கழிக்கும் சிறுநீரில் சோதனையைத் திரும்பச் செய்கிறோம். இரத்த அழுத்தமும், இரத்தத்தில் சர்க்கரை, கிரியாட்டினின் அளவுகளும் பார்க்கப்படும். புழு உண்டா என்பதற்கு இரத்தமே சாட்சி. குஞ்சுப் புழுக்கள் இரவு 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில்தான் மேல்தோல் இரத்தத்தில் மிகுதியாக வரும். அதனால்தான் அந்த நாட்களில் ஊழியர்கள் நடுநிசியில் கதவைத் தட்டி விரலில் குத்தினார்கள். இப்போது பகலிலேயே செய்யக்கூடிய அட்டைச் சோதனைகள் வந்துவிட்டன. பால்போன்ற சிறுநீர் உள்ளவர்கள் பலருக்கு இரத்தத்தில் புழு அகப்படுவதில்லை. புழு செத்துப் பல ஆண்டு ஆகியிருக்கும். குழாய் மட்டும் பழுதாகவே நிற்கும்.

சிகிச்சையில் இன்றும் முதலிடம் டி.இ.சி. மாத்திரைக்கு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழுவினரின் முயற்சியில் 1947-இல் வெளிவந்த மருந்து இது. நமக்கு ஹெட்ரசான் என்ற பெயரில் அறிமுகமானது. இதற்கும் சிறுநீர்ப் பரிசோதனை தேவைப்படுகிறது. இம்மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வழக்கமான அளவைக் கொடுத்தால் மருந்து உடம்பில் தேங்கும். மருந்து தொடங்கிய முதல் நாட்களில் புழுக்கள் சாவதால் சிறுநீரில் புரதமும் இரத்தமும் சற்றுக் கூடுவதும் உண்டு. அதைக் கண்டு மருந்தை நிறுத்திவிடாமல் மறுபடி சோதித்துப் பார்ப்பதே முறை. பால்போன்ற சிறுநீருக்கோ மாத்திரை மட்டும் போதாது. நெய், எண்ணெய், தேங்காய், கடலை, கொழுப்புள்ள இறைச்சி ஆகியவற்றைக் குறைத்து, ஆடை நீக்கிய பால், பருப்பு, முட்டையின் வெள்ளைக்கரு இவற்றைக் கொடுத்து, தண்ணீர் தாராளமாகக் குடிக்கச் சொல்கிறோம். பலருக்கு இதிலேயே நின்றுவிடுகிறது. நிற்காதவர்களுக்குச் சிறுநீரகத்துக்குள் மருந்து செலுத்திக் கசிவை அடைக்கும் முறையும், அதற்கும் அடங்காவிட்டால் அறுவைச் சிகிச்சையும் உண்டு.

வயிற்றுப் பூச்சிக்கு மருந்து சாப்பிட்டால் சிறுநீரகம் காப்பாற்றப்படுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. நாக்குப்பூச்சியும் கொக்கிப்புழுவும் குடலில் வாழ்பவை. இரத்தசோகையையும் மெலிவையும் உண்டாக்கும், ஆனால் சிறுநீரகத்தை அவை சாதாரணமாகத் தொடுவதில்லை. சேர்த்தலைப் பகுதியில் அறியப்பட்ட இன்னொரு வகை யானைக்கால் புழுவும் காலோடு நின்றுவிடுவதே வழக்கம்.

உச்செரர் தேடிய அந்த எகிப்தியப் புழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1851-இல் கெய்ரோவில் தியோடர் பில்ஹார்ஸ் கண்டுபிடித்தது அது. ஆப்பிரிக்காவில் ஏரியிலும் ஓடையிலும் இறங்குகிறவர்களின் தோலைத் துளைத்து நுழைந்து, சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்களில் வாழ்ந்து முட்டையிடும். நாள்பட்டால் சிறுநீர்க் குழாய் அடைபட்டுச் சிறுநீரகம் வீங்கும். முட்டைகள் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் கழிக்கும் சிறுநீரில்தான் மிகுதி. ஒரு புழுவுக்கு நடுநிசி, மற்றதற்கு நடுப்பகல்! அங்கே பள்ளிப் பிள்ளைகளின் சிறுநீரில் இரத்தம் உண்டா என்று இதே பட்டைகளைக் கொண்டுதான் பார்க்கிறார்கள். ஆப்பிரிக்காவில் பணியாற்றித் திரும்பிய உங்கள் உறவினர் யாருக்காவது சிறுநீரின் கடைசியில் இரத்தம் வந்தால், அங்கே ஏரியில் குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

யானைக்கால் புழு குறைந்து வருகிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. தமிழ்நாட்டில் 1996-இல் கடலூர் மாவட்டத்தில் ஊர் முழுவதற்கும் மாத்திரை வழங்கும் முறை தொடங்கிப் பின் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. 2016-இல் இலங்கையும், 2024-இல் பிரேசிலும் இவ்வியாதியைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ரெசிஃபே நகரும் அதில் அடங்கும். எனினும் இருபது முப்பது ஆண்டுகளுக்குமுன் புழுவைச் சுமந்தவர்களின் குழாய்கள் இப்போதும் உடையக்கூடும். புதிய மருத்துவர்கள் இந்த வியாதியை அதிகம் பார்த்திருக்கமாட்டார்கள் என்பதால், பால்போன்ற சிறுநீரைப் பார்த்ததும் புழுவை நினைப்பவர்கள் இனிக் குறைவாகவே இருப்பார்கள்.

பரிசோதனைக்கு வருகிறவர்கள் காலையில் எழுந்தவுடன் கழிக்கும் சிறுநீரின் நடுப்பகுதியைச் சுத்தமான, உலர்ந்த புட்டியில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். மருந்துப் புட்டியும் எண்ணெய்ப் புட்டியும் உதவாது. ஒட்டியிருக்கும் துளி எண்ணெய்கூட ஈதர் சோதனையைக் குழப்பிவிடும். பெண்கள் மாதவிலக்கு முடிந்து சில நாள் கழித்து வருவது நல்லது. பால்நிறம் மாலையில் மட்டும் தெரிந்தால் மாலைச் சிறுநீரையே கொண்டுவாருங்கள்; எப்போது, என்ன சாப்பிட்டபின் என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் புட்டியில் ஒட்டிவிடுங்கள்.